ஓட்டை விழுந்த கத்திரிக்காய்

சேலம் அம்மாப்பேட்டை உழவர் சந்தைக்குக் காலையில் போனால் ஒரு வகையான ஆட்களைப் பார்க்கலாம். கத்திரிக்காய்க் குவியலில் பளபளப்பான காய்களை ஒதுக்கிவிட்டு, ஓட்டை விழுந்த காயாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். கேட்டால், "பூச்சி இருந்தா மருந்து அடிக்கலைன்னு அர்த்தம்" என்பார்கள். பெரும்பாலும் படித்தவர்கள், வீட்டில் செக்கு எண்ணெய் வாங்குபவர்கள், வரகும் சாமையும் சமைப்பவர்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு, சாப்பிடும் பொருளைப் பற்றி யோசிக்கிறார்களே. ஆனால் அந்த நம்பிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கத்திரியின் காய்த்துளைப்பான் புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். அது நுழைந்த இடம் கண்ணுக்கே தெரியாது. அதையும் தன் கழிவைக் கொண்டு அடைத்துக்கொள்ளும். உள்ளே தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாக மாறுவதற்கு வெளியே வரும்போது போடுகிற ஓட்டைதான் நம் கண்ணில் படுவது. புழு கிளம்பிப் போன வழி அது. உள்ளே இருக்கிற வரைக்கும் வெளியில் அடிக்கிற மருந்து அதை எட்டுவதே கஷ்டம். எட்டாததால்தான் விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறார். எனவே ஓட்டைக் காய் மருந்தே படாத காயாகவும் இருக்கலாம், வாரத்துக்கு வாரம் மருந்தில் குளித்த காயாகவும் இருக்கலாம். வெளியே பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

மரபணு மாற்றுப் பயிர் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கத்திரிக்காய்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அது அவ்வப்போது கிளம்பும். 2024 ஜூலையில் மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதியபோது அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. ஒரு மேசையில் "பன்னாட்டுக் கம்பெனிக்காரன் விஷ விதையைத் திணிக்கிறான்" என்றார்கள். எதிர் மேசையில் "விஞ்ஞானம்னாலே இங்க எல்லாருக்கும் பயம்" என்றார்கள். அந்தக் கடுகை உருவாக்கியது டெல்லிப் பல்கலைக்கழகம் என்பது இரண்டு மேசைக்கும் தெரிந்திருக்கவில்லை. கடுகுக்குச் சேலத்தில் தாளிப்பைத் தாண்டி என்ன வேலை என்றும் யாரும் கேட்கவில்லை. நான் எந்த மேசையிலும் சேராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கருத்து இல்லாமல் இல்லை. என் சித்தப்பா கேட்ட ஒரு கேள்விக்கு இந்த இரண்டு தரப்பிலும் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உரக்கடை மேசை

சித்தப்பாவுக்குப் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் கொஞ்சம் காடு, கிணற்றுப் பாசனம். முன்பு பருத்தி போட்டார். குச்சிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, எப்போதும் உண்டு. இப்போது ஒரு பகுதியில் கத்திரி. ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "மருந்து வாங்கியாரணும், வண்டில ஏறு கண்ணு" என்றார். போனேன்.

கடைக்காரர் சித்தப்பாவின் காட்டைப் பார்த்ததில்லை. சித்தப்பாவும் செடியிலிருந்து ஒரு இலையையோ காயையோ கொண்டு போகவில்லை. "என்ன பயிரு, எத்தனை நாளு, போன வாட்டி என்ன அடிச்சீங்க" என்று கேட்டார். அவ்வளவுதான் பரிசோதனை. மூன்று பாட்டில் மேசைக்கு வந்தன. ஒன்று புழுவுக்கு. ஒன்று சாறு உறிஞ்சும் பூச்சிக்கு. மூன்றாவது 'டானிக்', அடித்தால் செடி கருகருவென்று வருமாம். "மூணையும் ஒண்ணாக் கலந்தே அடிச்சிருங்க, டேங்குக்கு ரெண்டு மூடி" என்றார். அளவு என்பது பாட்டிலின் மூடிதான். சித்தப்பா பணம் தரவில்லை. கடைக்காரர் ஒரு நீள நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார், சித்தியின் முட்டிவலியை விசாரித்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் வங்கி, அவர்தான் வைத்தியர்.

வீட்டுக்கு வந்து சும்மா இருக்க முடியாமல் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து, ஏகப்பட்ட மொழிகள். புழுவுக்கான மருந்து குளோரான்ட்ரனிலிப்ரோல். பாட்டிலில் பச்சை முக்கோணம் போட்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களில் மனிதருக்கு மிகக் குறைந்த நச்சு என்பதற்கான நிறம் அது. பழைய சிவப்பு முக்கோண மருந்துகளோடு ஒப்பிட்டால் நல்ல மருந்து என்றே சொல்லலாம். ஆனால் அதே தாளில் பயிர்வாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. கடைசியாக அடித்ததற்கும் காய் பறிப்பதற்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்ற கணக்கு. தக்காளிக்கு 3 நாள். கத்திரிக்கு 22 நாள்.

"சித்தப்பா, இதை அடிச்சா 22 நாள் காய் பறிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நாலு நாளைக்கு ஒருக்கா பறிக்கலைன்னா முத்திப் போயிரும். முத்துன காயை எவன் வாங்குவான்?"

"அப்புறம் எதுக்கு இந்த மருந்து?"

"அவன் குடுத்தான், வாங்கிட்டு வந்தேன்."

வேறு கடை பார்க்கலாமே என்றேன். நோட்டில் கணக்கு இருக்கிறதே என்றார். கணக்கை முடிக்காமல் அடுத்த கடைக்குப் போனால் இந்தக் கடையில் அடுத்த போகத்துக்கு உரம் கிடைக்காது. வேளாண்மை அதிகாரியைக் கேட்கலாமே என்றேன். "அந்தப் புள்ள தங்கமான புள்ள. ஆனா அதுக்கு எத்தனை ஊரு இருக்குது தெரியுமா?" என்றார். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அப்போதுதான், என் அலுவலக மேசைகளில் ஒன்று என் வாய் வழியாகப் பேசிற்று என்று நினைக்கிறேன், மரபணு மாற்றுக் கத்திரியைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும், காய்க்குள் போன புழு அங்கேயே சாகும், ஆனால் அதில் இன்னின்ன சந்தேகங்கள் இருந்ததால் 2010-ல் நிறுத்தி வைத்தார்கள் என்று.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "டிவில பார்த்தேன். விதைய நிறுத்திட்டாங்க, சரி. அந்தப் புழுவ யாரு நிறுத்துனா?" என்று கேட்டுவிட்டு, மருந்துப் பையைத் திண்ணை மாடத்தில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

விதைக்கு ஒரு நியாயம்

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, பி.டி. கத்திரி எனப்படும் அந்த மரபணு மாற்றுக் கத்திரிக்குச் சம்மதம் தந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கொல்கத்தா தொடங்கி பெங்களூரு வரை ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டார். தமிழ்நாட்டில் ஒரு ஊரிலும் கேட்கவில்லை. இத்தனைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்த மரபணுவை நம் ஊர் ரகங்களில் ஏற்றும் வேலையில் கூட்டாளியாக இருந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் அதை நிறுத்தி வைத்தார். அவர் சொன்ன காரணங்கள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. கத்திரிக்குப் பிறந்த வீடே இந்தியாதான், ஊருக்கொரு ரகம் இருக்கிற பயிர். சுதந்திரமான, நீண்ட காலச் சோதனை போதவில்லை என்றார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அநேகமாக அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அதே நாட்டில் மருந்துக்கு என்ன நியாயம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது. அதன்படி ஒரு மாநில அரசு ஒரு மருந்தை ஆபத்தானது என்று கருதினால் 60 நாள் வரை தடுத்து வைக்கலாம். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். அதற்குமேல் மத்திய அரசின் கையில். தற்கொலைகளைக் குறைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளுக்கு முன் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை நிறுத்தியபோதும் அது 60 நாள் தடைதான். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்ற ஆணை பல வருடங்களுக்கு முந்தையது. ஆனால் அது பருத்திக்கு என்று கடையில் இருந்துகொண்டேதான் இருந்தது. கடையிலிருந்து போன பாட்டில் பருத்திக்காட்டோடு நிற்குமா, பக்கத்துக் கத்திரிக்காட்டுக்குப் போகுமா என்பதை யார் பார்த்தார்கள்? 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்தது அந்த மருந்தால்தான். அதற்கும் பத்து வருடம் கழித்து, 2023-ல்தான் மத்திய அரசு அதன் பதிவை ரத்து செய்தது. அப்போதும், கையிருப்பைக் காலாவதி ஆகும்வரை விற்றுக்கொள்ளலாம் என்று சலுகை.

ஒரு விதையை ஒரு அமைச்சர் ஒரே நாளில் காலவரம்பு இல்லாமல் நிறுத்த முடிகிறது. குழந்தைகளைக் கொன்ற ஒரு மருந்தை ஒரு மாநிலமே சேர்ந்தாலும் மூன்று மாதத்துக்குமேல் நிறுத்த முடியாது. விதையிடம் கேட்ட எச்சரிக்கையை மருந்திடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பி.டி. கத்திரியை நிறுத்திய மறுநாளே, சரி, காய்த்துளைப்பானுக்கு என்ன செய்வது, யார் போய்ச் சொல்வது, அதற்கு எவ்வளவு பணம் என்ற பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சிகளைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. வாடித் தொங்கும் குருத்தை வாராவாரம் கிள்ளி அழிப்பது இருக்கிறது. இரண்டும் ஓரளவு வேலை செய்யும், ஊரே சேர்ந்து செய்தால் நன்றாகவே செய்யும். எதிர்த்துப் போராடியவர்கள் வெற்றியோடு வீட்டுக்குப் போனார்கள். ஆதரித்தவர்கள் கோபத்தோடு போனார்கள். சித்தப்பா உரக்கடைக்குப் போனார்.

சின்னப் பொட்டலம்

இதை வைத்து, அப்படியானால் விதையை அனுமதித்திருக்கலாமே என்று முடிவு கட்டிவிடலாம். வங்கதேசம் அனுமதித்தது. 2014-லிருந்து அங்கே விவசாயிகள் பி.டி. கத்திரி பயிரிடுகிறார்கள், புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சித்தப்பாவின் காட்டில் வேறொரு கதையும் நடந்திருக்கிறது, பருத்திக் கதை.

பி.டி. பருத்தி 2002-ல் வந்தது, தமிழ்நாட்டுக்கும் சேர்த்தே. இன்றைக்குக் கொங்கணாபுரம் ஏலத்துக்குப் போனால் மூட்டைகளை பி.டி., டி.சி.எச். (இன்னொரு வகைப் பருத்தி) என்றுதான் பிரித்து விலை சொல்கிறார்கள். வந்த புதிதில் சித்தப்பாவுக்கு அது நிம்மதி. அமெரிக்கன் காய்ப்புழுவுக்கு அதற்கு முன் அவர் அடித்த மருந்துக்குக் கணக்கே இல்லை; கையெல்லாம் எரியும், ராத்திரி சோறு இறங்காது என்பார். அது குறைந்தது உண்மை. ஆனால் அந்த விதைப் பெட்டியில் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை ஒரு சின்னப் பொட்டலத்தில் தனியாக இருந்தது. காட்டைச் சுற்றி அதை நட வேண்டும் என்பது விதி. அந்தச் சாதாச் செடிகளில் புழு பிழைத்து வளரும். அதிலிருந்து வரும் அந்துப்பூச்சிகள், பி.டி.யைத் தின்றும் சாகாத ஒன்றிரண்டோடு இணை சேர்வதால் எதிர்ப்புச் சக்தி நீர்த்துப் போகும். அருமையான யோசனை. ஆனால் கடன் வாங்கி நட்ட காட்டின் ஓரத்தில், புழு தின்பதற்கென்றே அஞ்சு வரிசை விடு என்று ஒரு விவசாயியிடம் யார் சொல்வது? பொட்டலத்தின் மேல் அச்சடித்துவிட்டால் சொன்னதாக ஆகிவிடுமா?

"அதைப் போக்கு விழுந்த எடத்துல ஊனத்தான் குடுத்திருக்கான்னு நெனச்சோம்" என்றார் சித்தப்பா. முளைக்காத குழியில் ஊன்றினார்களாம், மிச்சத்தைத் தூக்கிப் போட்டார்களாம். நாடு முழுக்க ஏறக்குறைய இதுதான் நடந்தது. அமெரிக்கன் காய்ப்புழுவுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அது கொண்டைக்கடலை, துவரை, தக்காளி என்று எதையும் தின்னும், அந்தப் பயிர்களே அதற்குச் சாதா வரிசை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பருத்தியைத் தவிர வேறு போக்கிடம் அதிகம் இல்லை. 2010-லேயே குஜராத்தில் அது முதல் ரக பி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டதை விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2015 வாக்கில் இரண்டு மரபணு போட்ட அடுத்த ரகமும் அங்கே விழுந்தது. இன்னொரு பக்கம், காய்ப்புழு போன இடத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் தலையெடுத்தன, அதற்குத் தனி மருந்து. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். விதை மருந்தை ஒழித்துவிடும் என்று சொல்லிக் கொண்டு வந்து 15 வருடம் கழித்து.

பி.டி. கத்திரி வந்திருந்தால் சித்தப்பாவின் மேசைக்கு வந்த மூன்று பாட்டிலில் ஒன்று குறைந்திருக்கும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் விதையும் அதே மேசையிலிருந்துதான் வந்திருக்கும், அதே நோட்டில்தான் எழுதப்பட்டிருக்கும். சின்னப் பொட்டலம் எதற்கு என்று சொல்ல அப்போதும் ஆள் இருந்திருக்காது.

ஏத்தாப்பூர்க் குளவி

விதையும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் ஒரு பூச்சியை அடக்கிய கதை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக் கிழங்கு இல்லாவிட்டால் ஜவ்வரிசி ஆலை ஓடாது. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஒரு புது மாவுப்பூச்சி சீக்கிரமே இங்கே வந்துவிட்டது. நடுவதற்கு வாங்கும் குச்சியோடேயே பயணம் செய்யும் பூச்சி. நுனி சுருண்டு, செடி குட்டையாகி, கிழங்கே வைக்காது. எல்லோரும் மருந்து அடித்தார்கள். அதன் மேல் படிந்திருக்கும் மாவு போன்ற மெழுகில் மருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று.

இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து பெரிய பஞ்சத்துக்கே வழி செய்யப் பார்த்தது. அதன் சொந்த ஊரான தென் அமெரிக்காவில், பராகுவேயில் 1981-ல் அதன் எதிரியைத் தேடிப் பிடித்தார்கள். ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும் குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். ஆப்பிரிக்கா முழுக்க அதைப் பரப்பும் வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவியைப் பெங்களூரில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, வளர்த்து, சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது.

குளவி வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை, மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவி. சின்னப் பொட்டலத்தைப் போலவே இதுவும் ஊர் முழுக்கச் சேர்ந்து கேட்க வேண்டிய பேச்சு. கண் முன்னால் பூச்சி மொய்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, புழுவுக்கு வரிசை விடுவதைவிடக் கஷ்டம். சித்தப்பா நின்றார். ஏன் என்று கேட்டேன். "ஒரு பையன் வந்தான். காட்டுக்குள்ள எறங்கி, இலையத் திருப்பிக் காட்டி, இது செத்த பூச்சி, இதுக்குள்ள குளவி இருக்குது, அடிச்சுராதீங்கன்னான். ரெண்டு வாரங் கழிச்சு மறுபடி வந்து பார்த்தான்" என்றார். அந்தப் பையன் எதையும் விற்கவில்லை, மறுபடி வந்தான். சித்தப்பாவுக்கு இந்த இரண்டும் போதுமாக இருந்தது.

குளவி எல்லாவற்றுக்கும் விடை என்று நான் சொல்லவில்லை. கத்திரிப் புழுவுக்கு அப்படி ஒரு எதிரியை வெளியிலிருந்து கொண்டுவரும் வாய்ப்பு குறைவு, அது இந்த மண்ணின் பழைய பூச்சி. நான் பார்ப்பது வேறு. பி.டி. பருத்தி தோற்ற இடத்திலும், 22 நாள் மருந்து தோற்ற இடத்திலும், குளவி ஜெயித்த இடத்திலும் ஒரே வேலை இருக்கிறது. விற்காத ஒரு ஆள் காட்டுக்கு வந்து, மறுபடியும் வருவது. உரக்கடைக்காரர்களுக்கே ஒரு வருட டிப்ளமோ நடத்துகிறார்கள், 2003-ல் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் எவ்வளவு படித்தாலும் பாட்டில் விற்றால்தான் அவருக்குப் பிழைப்பு. 'இந்த வாரம் ஒண்ணும் அடிக்க வேண்டாம், போங்க' என்று சொல்ல அந்த நோட்டு விடாது.

2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அரசு அறிவித்தது. அதில் ஒன்று நாம் தினம் சாப்பிடும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. வேறு உயிரின் மரபணு அதில் இல்லை என்பதால் பழைய விதிமுறைகளிலிருந்து விலக்கு. அலுவலகத்தில் இரண்டு மேசையும் மறுபடி சூடாகிவிட்டன. இம்முறை நானும் வாயைத் திறந்தேன். ரகம் எது என்பதில் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை, எத்தனை வேளாண்மை அதிகாரிகளைக் கூடுதலாக நியமிக்கிறார்கள் என்று சொன்னால் அதை வைத்து ஆதரவா எதிர்ப்பா என்று சொல்கிறேன் என்றேன். ஒருவர், "இது நழுவுற பதில்" என்றார். இருக்கலாம். இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

போன வாரம் சித்தப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். சேலத்திலிருந்து நான் வாங்கி அனுப்பிய இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டிவிட்டாராம், நிறைய அந்து விழுகிறதாம். பக்கத்துக் காட்டுக்காரர் கட்டவில்லை, அதனால் பாதி பலன்தான் என்றார். நாளைக்கே பி.டி. கத்திரி கடைக்கு வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "புழு இல்லாத காய்க்குக் கிலோவுக்கு ஒரு ரூவா சேர்த்துக் குடுப்பானா?" என்று திருப்பிக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அன்றைக்குத் தலைவாசல் மார்க்கெட்டில் கத்திரி விலை படுத்துவிட்டதாம், பறிப்புக் கூலிக்கே கட்டாதாம். அடுத்த பறிப்பை விடலாமா, மாட்டுக்குப் போடலாமா என்று சித்தியோடு பேசிக்கொண்டிருந்தாராம். அதைப் பற்றித்தான் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினோம்.